முதலாளியம்மாவுக்கும் கடிதம் வேண்டும்

நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீரமங்கை பட்டாசுக் கம்பெனிக்கு ஒரு நாள் பெண்கள் பாதுகாப்பு வந்து சேர்ந்தது. அதுவரை அங்கே வேலை பார்த்த பெண்கள் வெடிமருந்துக்கு மட்டும்தான் பயந்துகொண்டிருந்தார்கள்.

முதலாளி சீனிவாசகம் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். "பெண் என்பவள் விளக்கு. விளக்குக்கு ஒரு கூடு வேண்டாமா?"

கூட்டின் விவரத்தைப் போர்மேன் ஊர்க்காவலன் வாசித்தார். இனி எந்தப் பெண்ணும் கேட்டுக்குள் நுழைய, அப்பனோ புருஷனோ மகனோ கையெழுத்திட்ட 'பாதுகாவலர் கடிதம்' வேண்டும். அதில் உரிமையாளரின் ஒப்புதல் கையெழுத்தும் இருக்க வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்குள் கடிதம் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

கைதட்டல் போதவில்லை என்று பட்டதால் முதலாளி எழுந்து சொந்தச் சரக்கைச் சேர்த்தார். "எந்தப் பெண்ணாக இருந்தாலும் சரி, என் வீட்டுப் பெண்ணே ஆனாலும் சரி, விதி விதிதான்!"

சிவகாசிப் பக்கம் ஒரு வாக்கியம் வாயிலிருந்து அச்சுக்குப் போக அரை நாள் போதும். மாலைக்குள் அது போர்டாகி கேட்டில் தொங்கியது.

மாரித்தாய் அங்கே பத்தொன்பது வருஷமாகச் சரவெடி பின்னுகிறவள். வீட்டில் உலை கொதிப்பது அவள் விரல் வேகத்தில்தான். அவள் புருஷன் நாகையாவிடம் இதுவரை யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. படிவத்தைக் கண்டதும் அவன் முதுகு தானாக நிமிர்ந்தது.

"அங்கன வச்சிட்டுப் போ. படிச்சுப் பாக்கணும்."

"நாலு வரிதான இருக்கு?"

"நாலு வரின்னா லேசா? பரிசீலனையில இருக்கு, போ."

வியாழக்கிழமை கோழிக்குழம்பு வைத்தாள். தின்று முடித்து, உப்பு குறைவு என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பி அனுப்பினான். சனிக்கிழமை நிபந்தனைகள் கிளம்பின. சீட்டாடப் போனால் எங்கே என்று கேட்கக்கூடாது என்பது முதல் நிபந்தனை.

"என் வேல போச்சுன்னா சோத்துக்கு என்ன செய்வீக?"

"அது தனி பைலு" என்றான் நாகையா.

திங்கட்கிழமை காலையில் வாட்ச்மேன் சோணைமுத்து கையை நீட்டினான். "மதினி, கடுதாசி?"

"உங்க அண்ணன் பரிசீலிக்காரு."

"அப்பம் அந்த வேப்பமரத்தடியில நில்லுங்க மதினி. பத்து மணிக்கு வேற ஆள் வருது."

அந்த நேரத்தில் கார் வந்து நின்றது. பட்டுச்சேலையில் முதலாளியம்மா செல்லக்கனி இறங்கினாள். சாத்தூர்ச் சங்கத்தார் அன்று அவளுக்குச் 'சாதனைப் பெண்மணி' விருது தர உள்ளே பந்தல் போட்டிருந்தார்கள். கம்பெனி லைசென்ஸ் அவள் பேரில்தான் இருந்தது. சாதனை அவ்வளவுதான். புருஷன் விரல் வைக்கும் இடத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாள்.

சோணைமுத்து சல்யூட் அடித்துவிட்டுக் கையை நீட்டினான்.

"ஏலே, நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுதும்மா. முதலாளி வீட்டுப் பொண்ணு. அதான் போர்டுலயே போட்டிருக்கே."

செல்லக்கனி போர்டைப் படித்தாள். போனை எடுத்து முதலாளியை அழைத்தாள். மணி சோணைமுத்துவின் பெட்டிக்குள் அடித்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் போன் கொண்டுபோகக்கூடாதே.

அவளும் வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"நீ ஏன் நிக்க?"

"கடுதாசிக்கு எங்க வீட்டு ஆளு இன்னும் கையெழுத்துப் போடலம்மா. உங்க வீட்டு ஆளு?"

"மேடையில இருக்காரு." கொஞ்சம் யோசித்தாள். "நேத்து முப்பத்தெட்டுத் தாள்ல கையெழுத்துப் போட்டேன். ஆர்டருன்னு நெனச்சேன். அது இந்தக் கூத்துதானா?"

அதற்குள் சீனிவாசகம் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏலே கூமுட்ட, கதவத் தொறலே!"

"கடுதாசி, முதலாளி..."

சோணைமுத்துவிடம் இருந்த வெற்றுப் படிவம் ஒன்றைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். சோணைமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உரிமையாளர் ஒப்புதல் இல்லையே?"

"நான்தாம்லே போடணும், கொண்டா!"

"லைசென்சு அம்மா பேருலதான முதலாளி இருக்கு?" என்றாள் மாரித்தாய். "ஆபீசு செவுத்துல கண்ணாடி போட்டு நீங்கதான மாட்டுனீக?"

உள்ளே மைக் மூன்றாவது முறையாகச் சாதனைப் பெண்மணியை மேடைக்கு அழைத்தது.

"செல்லக்கனி, ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று சீனிவாசகம் பழக்கதோஷத்தில் விரலை வைத்தார். அவள் அந்த விரலை நகர்த்திவிட்டு, முதல் தடவையாகக் கையெழுத்துக்கு முன்னால் படித்தாள். புருஷன் பெயரை அடித்தாள். "பாதுகாவலர்னு நீ போடு" என்று மாரித்தாயிடம் நீட்டினாள். மாரித்தாய் தன் பெயரை எழுதி, கீழே 'சரம் பின்னுபவர்' என்றும் எழுதினாள். மாரித்தாய்க்கென்று எடுத்த இன்னொரு வெற்றுப் படிவத்தில் செல்லக்கனி பாதுகாவலராகத் தன் பெயரை எழுதினாள். இரண்டுக்கும் உரிமையாளர் ஒப்புதலும் விழுந்தது. அப்போது மணி பத்துக்கு ரெண்டு நிமிஷம்.

"விதி விதிதான்" என்றாள் புருஷனைப் பார்த்து. பட்டுச்சேலைக்குக் கொஞ்சம் வேகம் பிறந்துவிட்டது. "இனிமே இங்கன எல்லாப் பொண்ணுகளுக்கும் நானே பாதுகாவலரா இருந்து..."

"அதுவும் எதுக்கும்மா?" என்றாள் மாரித்தாய். "கேட்டத் தொறந்தாப் போதும்."

செல்லக்கனி விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஏலே சோணைமுத்து, அந்தப் போர்டக் கழட்டு."

மதியம் நாகையா தேய்த்த சட்டையோடு வந்தான். "கையெழுத்துப் போட்டாச்சு. நிபந்தன பின்பக்கம் இருக்கு. அவளக் கூப்பிடு."

சோணைமுத்து உள்ளே போய் வந்தான்.

"மதினி சரம் பின்னிக்கிட்டு இருக்காக. அங்கன வச்சிட்டுப் போகச் சொன்னாக அண்ணே. பரிசீலிப்பாகளாம்."