பேசாத கம்ப்யூட்டர்

தாம்பரத்தில் இருந்த ஏகநாதனின் பார்சல் ஆபீசில் காலையிலேயே போன் அலறத் தொடங்கிவிடும்.

"அம்மா தபீதா, பல்லாவரம் கோதண்டம் பேசறேன். என் தோல் லோடு எங்க கீது? இன்னிக்கு வருமா, வராதா?"

தபீதாளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஒரு காதில் போன், மறு காதில் ஹெட்போன். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி ஒன்று, திரையில் வரும் எழுத்துகளை வெள்ளைக்காரக் குரலில் அவளுக்கு வாசித்துக் காட்டும். அவள் படித்த பார்வையற்றோர் பள்ளிக்கு நன்கொடையாக வந்து, வேலைக்காகப் பள்ளி அவளுக்குக் கொடுத்த பெட்டி அது. "லாரி விழுப்புரம் தாண்டிடுச்சு அண்ணா, சாயங்காலம் வந்துடும்" என்பாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

இந்த வேலை கிடைத்த பிறகுதான் ஊரப்பாக்கத்தில் அண்ணன் வீட்டில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசினார்கள். அதுவரை அங்கே அவள் ஒரு பாரம். அண்ணனைக் கல்நெஞ்சன் என்று திட்டிப் பயனில்லை. நம் ஊரில் பல வீடுகள் அப்படித்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஏகநாதன் தன் மச்சான் ஆபீசுக்குப் போனார். அங்கே விண்டோஸ் வந்திருந்தது. கலர் கலராகப் படம், கையில் மவுஸ். பார்த்துவிட்டு வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடும் தன் ஆபீசின் டாஸ் திடீரென்று அவருக்கு அசிங்கமாகப் பட்டது.

"இருக்கறது நல்லாத்தான் ஓடிகினு கீது. மாத்தணுமா இன்னா?" என்று கம்ப்யூட்டர் விற்கும் தோத்தாத்ரியைக் கேட்டார்.

"ஓடறது சார். ஆனா வர்ற கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பா? உங்க மச்சானே மாத்திட்டாரே!"

அந்தக் கடைசி வார்த்தை போதாதா? மறுநாளே தோத்தாத்ரி ஒரு புது மெஷினைக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஓட்டிக் காட்டினார். ஆபீசே கைதட்டியது. சத்தம் கேட்டுத் தபீதாளும் கைதட்டினாள். "எப்படி கீது?" என்று ஏகநாதன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்து, தபீதாளைத் தாண்டிப் போனார். படம் பார்க்கும் விஷயத்தில் அவளைக் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

பக்கத்து சீட்டு வேதா மட்டும் அவர் அறைக்குள் போய்க் கேட்டாள். "சார், தபீதாவோட பெட்டி இதுல பேசுமா?"

அங்கே இருந்த தோத்தாத்ரி தலையைச் சொறிந்தார். "அது டாஸுக்குன்னே செஞ்சது மேடம். இதுல பேசாது. வேணும்னா ஒரு மெஷினை மட்டும் பழசாவே விட்டுடலாம். தினம் கணக்கை அதுல காப்பி பண்ணிக்கோங்கோ, போறும்."

அவ்வளவுதான் வேலை. ஏகநாதன் யோசித்தார். விஜயதசமிக்குத் திறப்பு, மச்சான், சொந்தபந்தம் எல்லோரும் வருகிறார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா, வரிசையில ஒண்ணு மட்டும் மூளியா நிக்கணுமா? பழசு எல்லாத்தையும் எடுத்துக்கினு போங்க. அந்தப் பொண்ணுக்கு அப்பால பாத்துக்கலாம்."

இந்த 'அப்பால பாத்துக்கலாம்' என்ற பேச்சு எத்தனை பேர் வயிற்றில் அடித்திருக்கிறது! வேதாவுக்குத் தபீதாளிடம் சொல்ல மனம் வரவில்லை.

விஜயதசமி அன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். நல்ல நேரத்தில் எல்லோரும் ஒன்றாக சுவிட்சைப் போட்டார்கள். தபீதாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். வயரைத் தடவிப் பார்த்தாள்.

"வேதாக்கா, பெட்டி பேசல. கரண்ட் இல்லையா?"

வேதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. கோதண்டம்தான். "லோடு எங்க கீதும்மா?"

"தெரியலண்ணா" என்றாள் தபீதாள். அந்த ஆபீசில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு போனை வேறு ஆளிடம் மாற்றினார்கள். பில்லுக்குக் குண்டூசி குத்தும் வேலை அவளுக்கு வந்தது, பிறகு அதுவும் இல்லை. மடியில் கை வைத்தபடி அவள் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்க ஏகநாதனுக்கு உறுத்தியது. ஒருநாள் தோத்தாத்ரிக்குப் போன் போட்டுப் பழைய மெஷின் ஒன்றைத் திருப்பிக் கேட்டார்.

"அதையெல்லாம் பிரிச்சு வித்தாச்சே சார். பழைய புரோகிராமும் அதோட போச்சு. எழுதின பையன் இப்போ அமெரிக்காவுல இருக்கான்."

ஏகநாதன் தபீதாளிடம் வந்து நின்றார். "நீ சும்மா வந்து உக்காந்துக்கோம்மா. சம்பளத்துல கை வெக்க மாட்டேன்."

தபீதாள் கைக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இனி அண்ணன் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"வேணாம் சார். கண்ணு இல்லாமப் பொறந்ததுக்கு எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. ஆனா நான் ஒண்ணுக்கும் ஆகாதவளா ஆனது உங்க ஆபீஸ்ல, அந்த விஜயதசமி அன்னிக்குத்தான். புதுசு வாங்குங்க, யாரு வேணாங்கறா? வாங்கறதுக்கு முன்னாடி, இதனால யாரோட பொழப்பு போகும்னு ஒரு வார்த்தை கேளுங்க. எல்லாரையும் கேட்டீங்களே சார், நானும் அங்கதானே உக்காந்திருந்தேன்?"