பளபளவென்று ஒரு வெள்ளச் சேதம்

தையற்காரருக்கு மனைவி மேல் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் முப்பது வருடமாக வராதது, நுகர்வோர் நீதிமன்ற வராந்தாவிலா வந்துவிடப் போகிறது? மடியிலிருந்த ஃபைலை மட்டும் இரண்டு தட்டு தட்டினார்.

நடந்தது இதுதான். தெருவிலிருந்து இரண்டு படி இறங்கிப் போகிற கடை அவருடையது. இருவரும் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்த மூன்று நாளில் மாடிக் குழாய் உடைந்து, கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நான்கு தையல் மெஷின்களின் மோட்டாரும் போயிற்று, துணிக்கட்டுகள் ஊறிப்போயின. இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே என்று தெம்பாக, நாலு படம் எடுத்து வைக்கப் போனை எடுத்தார்.

"இந்த அலங்கோலத்தைப் படம் புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டப் போறீங்களாக்கும்? நாளன்னைக்கு சர்வேயர் வர்றாராமே. நம்மளப் பத்தி என்ன நினைப்பார்?" என்றாள் மனைவி. போன் திரும்பச் சட்டைப்பைக்குள் போயிற்று.

அவள் புடவையை இழுத்துச் செருகிவிட்டால் அப்புறம் யார் தடுப்பது? இரண்டே நாள். தண்ணீரை இறைத்து, தரையைத் தேய்த்து, சுவருக்கு வெள்ளையடித்து, துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டாள். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வெள்ளம் எந்தக் கடையில் என்று கேட்டார். டீ குடித்தார், படம் எடுத்தார், போய்விட்டார். ஒரே வாரத்தில் கம்பெனியிடமிருந்து கடிதம்: தண்ணீர் புகுந்ததற்கு அடையாளமில்லை, மோட்டார்கள் பழசாகிப் பழுதானவை, இழப்பீடு கிடையாது.

மெஷின் இல்லாமல் என்ன கடை? வழக்கும் கைவிட்டால், அறுபது வயதில் யாரோ ஒருவர் கடையில் போய் உட்கார்ந்து பட்டன் தைக்க வேண்டியதுதான்.

உள்ளே கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் சர்வேயர் எடுத்த படங்களை நீதிபதி அம்மாவிடம் நீட்டினார். "பாருங்கம்மா. இவ்வளவு சுத்தமான தையல் கடையை நான் பார்த்ததே இல்ல."

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. "நூல் துணுக்குகூட இருக்காதுங்க," என்றாள் அடக்கமாக. தையற்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நீதிபதிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை. "ஏம்மா, தண்ணி நின்னதுக்கு ஏதாவது ஒரு தடயம் மிச்சம் இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எங்கே இருக்கப் போகிறது என்று தையற்காரர் நொந்துகொண்டார். மனைவி முந்தானை நுனியைத் திருகினாள். வக்கீலைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பெரிய துணி பீரோவுக்குப் பின்னாடி இருக்குங்க," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "சுவர்ல முழங்கால் உசரத்துக்கு ஒரே கறை, பூஞ்சை. பீரோவை நகர்த்திக் குடுங்கன்னு இவர்கிட்ட பத்து தடவை சொன்னேன். இடுப்பு வலிக்குது, நாளைக்குப் பாக்கலாம்னார். ஏழு மாசமா நாளைக்குதான்." கண் கலங்கியது. "சர்வேயர் அந்தப் பக்கம் எட்டிப் பாத்துடக் கூடாதேன்னு நான்தான் மறைச்சு நின்னேன். எழுதிக்குங்கம்மா. எங்க கடையில அழுக்கு இருக்கு."

முப்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. தையற்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சோம்பேறித்தனத்தால் வழக்கைக் காப்பாற்றியவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்பதும் அவருக்கு உறைத்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவா முடியும்?

மறுபடி போய்ப் பார்க்கச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டார். சர்வேயர் வந்து டேப் பிடித்து அளந்து படமெடுக்கும்வரை, அவள் அந்தக் கறையைப் பார்க்கச் சகிக்காமல் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது: மோட்டார்களுக்கும் துணிகளுக்கும் முழு இழப்பீடு.

தீர்ப்பைப் படித்து முடிப்பதற்குள் அவள் அந்தச் சுவரைத் தேய்க்க வாளியோடு கிளம்பிவிட்டாள். தையற்காரர் வாளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ உக்காரு. இத்தனை நாள் உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன், மனசுக்குள்ள. தப்புதான்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து தேய்க்க ஆரம்பித்தார். அவள் முக்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அந்த மூலையை விட்டுட்டீங்க," என்றாள்.