ஸ்கார்தீனா வீட்டு வாசற்படி

2023 மே 19, வெள்ளிக்கிழமை. பலேர்மோவின் ஒரேத்தோ பகுதியில் 1891இல் கட்டப்பட்ட ஸ்கார்தீனா மாளிகை, மறுநாள் முதல் தடவையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட இருந்தது.

வீட்டுவேலைகளைப் பார்த்துவந்தவள் அம்பிகை. மாளிகையைக் கட்டிய கயெத்தானோவும் மனைவி ரொசாலியாவும் கப்பலில் எலுமிச்சை ஏற்றி விற்றவர்கள். அவர்களைப் படத்தில்தான் கண்டிருந்தாள். இருந்தும் பெரிய மதிப்பு. துறைமுகம் தெரியக் கோபுரம் எழுப்புவது காசுள்ள எவரும் செய்யக்கூடியது. விருந்து மண்டபத்தின் அதே நீலப்பூத் தரையோடுகளைச் சமையலறைக்கும் பதித்திருந்தார்களே, அதைத்தான் அவள் நினைத்து நினைத்து வியப்பாள். வேலையாட்களின் அறைகளுக்கும் கடற்காற்று வரச் சன்னல் வைத்திருந்தார்கள். முன்பு அவள் வேலைசெய்த வீடுகளில் சமையலறைக்கே சன்னல் இருந்ததில்லை.

அப்படிப்பட்டவர்களின் வீட்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்றுதான் வாசலை மஞ்சள் தண்ணீரால் கழுவினாள். மஞ்சளைத் தாராளமாகவே கரைத்திருந்தாள். காய்ந்ததும் பார்த்தால், வெள்ளைப் பளிங்குப் படி மஞ்சளாகக் கிடந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

தோட்டவேலையில் நின்ற கணவன் குணரத்தினம் எட்டிப் பார்த்தான்.

“என்னப்பா, படிக்குக் கலியாணமோ?”

“பகிடி விடாதேங்கோ. சின்யோரா கண்டா வேலை போயிடும்.”

“ஓம், வேலை போனா இங்கை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவும் இழுபடும். ஒரு கம்பளத்தைப் போட்டு மூடுவம்.”

“நாளைக்கு அவ்வளவு சனமும் மிதிக்கேக்கை விலகாதோ? நான் போய்ச் சொல்லப்போறன்.”

கட்டியவர்களின் கொள்ளுப்பேத்தியான சின்யோரா அகாத்தா கைத்தடியோடு இறங்கி வந்தார். முகம் இறுகியது.

“பளிங்கில் இதைப் பூசலாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் இத்தாலிய மொழியில்.

“கேட்டிருக்கவேண்டும், சின்யோரா.”

பிறகு அவர் மெல்லக் குனிந்தார். படியில் ஏதோ செதுக்கியிருந்தது எல்லோருக்கும் தெரியும். காலடி பட்டுத் தேய்ந்து ஒருவராலும் வாசிக்க முடிந்ததில்லை. இப்போது அந்தப் பள்ளங்களில் மஞ்சள் தடித்து நின்றது. ‘ரொசாலியா’ என்று மேலே. ‘கயெத்தானோ’ அதன் கீழே.

“அவளுடைய பெயர்தான் முதலில்” என்றார் அகாத்தா. “எங்கள் வீட்டில் எப்போதும் கயெத்தானோவைப் பற்றித்தான் கதை.”

“இன்னும் ஒருமுறை தேய்த்துப் பார்க்கட்டுமா?”

“வேண்டாம், வருகிறவர்கள் வாசிக்கட்டும். உள்ளே இருக்கிற பளிங்கில் மட்டும் கை வைத்துவிடாதே.”

சனியும் ஞாயிறும் வந்தவர்கள் படியில் நின்று படம் எடுத்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் வெயிலில் மஞ்சள் மங்கிப்போனது. செப்டெம்பரில் அம்பிகையின் வேலை ஒப்பந்தம் மேலும் இரண்டு வருடங்களுக்குப் புதுப்பிக்கப்பட்டது.