துணிச்சல்காரர் சுஜீந்திரன்

ஆங் மோ கியோ நிலையத்தில் ரயில் ஏறியதும் சுஜீந்திரன் கதவோரம் சாய்ந்துகொண்டு கைப்பேசியைத் திறந்தார். நகர மையத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தில் அவர் கணக்கு அதிகாரி. காலைப் பயணத்தில் மற்றவர்கள் நாடகம் பார்ப்பார்கள், கண்ணயர்வார்கள். சுஜீந்திரன் வாதாடுவார்.

அன்றைய வாதம் சிங்கப்பூர்த் தமிழர்களின் முகநூல் குழு ஒன்றில் நடந்துகொண்டிருந்தது. உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலைக்கு வந்திருந்த ஒரு திருநங்கையை யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார். கீழே முழுக்கக் கேலி. "ஆணாகப் பிறந்தவர் பெண் என்றால் நம்ப வேண்டுமா? நாளைக்கு நான் சிங்கம் என்பேன், கூண்டு கட்டித் தருவீர்களா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குச் சிரிப்புக் குறிகள் குவிந்திருந்தன.

சுஜீந்திரன் நிதானமாகத் தட்டினார்.

"விளையாட்டுக்குச் சொல்பவர் சிரிப்பு அடங்கியதும் நிறுத்திவிடுவார். வீடு போய், உறவு போய், வேலை போன பிறகும் ஒருவர் தாம் பெண் என்றே சொல்கிறார் என்றால் அது விளையாட்டு அல்ல. அவர் பெண்தான். அவரை நம்புவதால் நமக்கு எதுவும் குறையாது. நம்பாமல் போனால் அவருக்கு எல்லாமே குறைந்துவிடும். அவர்கள் நம் அனுதாபத்தைக் கேட்கவில்லை. வேலையிலும் மேடையிலும் பந்தியிலும் நம் பக்கத்தில் ஓர் இடம் கேட்கிறார்கள்."

அவர் இறங்குவதற்குள் பாராட்டுகள் வந்துவிட்டன. "துணிச்சல்காரர் ஐயா நீங்கள்!" என்றது ஒன்று. "உங்களைப் போல ஆண்கள் பேசினால்தான் மாறும்" என்றது இன்னொன்று. மின்படியில் ஏறும்போது சுஜீந்திரனின் நடையே கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. அவர் எழுதியது பொய்யில்லை. ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் எழுதினார்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில், அவர் வசிக்கும் வட்டாரத்தின் தீபாவளிக் கலைநிகழ்ச்சிக் குழு கூடியது. சுஜீந்திரன் அதன் செயலாளர். குளிரூட்டிய சிறிய அறை, மேசையைச் சுற்றி எட்டுப் பேர், நடுவில் கறிபாப் பலகாரத் தட்டு. தலைவர் தில்லையம்பலம், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, தொண்டையைச் செருமினார்.

"லேடீஸ் டான்ஸ் விஷயம். அதைச் சொல்லிக் குடுக்கிற அனுப்ரியா... அவங்க திருநங்கைன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். போஸ்டர்ல படத்தைப் பார்த்துட்டு ரெண்டு மூணு ஃபேமிலி என்கிட்ட கம்ப்ளைன் பண்ணிட்டாங்க. முன்னால நின்னு ஆடப் போறாங்க, பொம்பளைங்க உடுப்பு மாத்துற ரூமுக்குள்ள வருவாங்க. நமக்கு ஒண்ணும் இல்ல. ஆனா சின்னப் பிள்ளைங்க வர்ற இடம். இந்த வருஷம் மட்டும் அவங்க வேண்டாமே."

அனுப்ரியா லிட்டில் இந்தியாவில், டன்லப் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். பல மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, நடனமே அறியாத பெண்களைக் கூட்டி வைத்து ஆடக் கற்றுக்கொடுத்திருந்தார். இது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

சுஜீந்திரனுக்குச் சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில் இருந்தது. காலையில் எழுதிய அதே வாக்கியங்கள்தான். "அதுல என்ன பிரச்சினைன்னு..." என்று ஆரம்பித்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த பிரேம் சிரித்தான். "ஏண்ணே, உங்களுக்கு என்ன இவ்ளோ அக்கறை? ரொம்பப் பழக்கமோ?"

இரண்டு பேர் குனிந்துகொண்டு சிரித்தார்கள். சுஜீந்திரனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல லா. சும்மா கேட்டேன்" என்றார். கறிபாப் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"அப்ப நீங்களே போய்ச் சொல்லிடுங்க தம்பி. உங்களுக்குத்தான் பக்குவமா பேச வரும்" என்றார் தில்லையம்பலம்.

மறுநாள் டன்லப் தெருவில் தீபாவளிக் கூட்டம் நெருக்கியது. மாடியேறிப் போனபோது அனுப்ரியா கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து வந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சார்! உக்காருங்க. நேத்து நீங்க ஃபேஸ்புக்ல எழுதினதை நம்ம டான்ஸ் குரூப் ஹஸீனா அக்கா காட்டுனாங்க. ரெண்டு வாட்டி படிச்சேன். எங்களுக்காக இப்படி ஒருத்தர் எழுதுறாரேன்னு அழுகையே வந்துருச்சு."

சுஜீந்திரன் உட்காரவில்லை. நேரம் போதவில்லை என்றார், போஸ்டரில் மாற்றம் என்றார், இந்த வருடம் மட்டும் என்றார். நடனம் இருக்கும், அதைக் குழுவிலுள்ள வேறொருவர் முன்நின்று நடத்துவார் என்றார். அனுப்ரியா குறுக்கிடாமல் கேட்டார். இப்படிச் சுற்றி வளைத்த பேச்சை அவர் பல இடங்களில் கேட்டிருக்கிறார். சுஜீந்திரன் சொல்லாமலே காரணத்தைப் புரிந்துகொண்டார்.

"கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்களா?"

"ஆமா."

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"நான்..." சுஜீந்திரன் துணிக்கட்டுகளைப் பார்த்தார். "நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேம்மா. கேக்கல."

அனுப்ரியா தலையசைத்தார். "பரவால்ல சார். நீங்க பேசினீங்கல்ல, அதுவே பெருசு." கீழே படி வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

திங்கட்கிழமை மதியம், அலுவலகத்துக்குக் கீழே உணவங்காடியில் சுஜீந்திரன் சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியைத் திறந்தார். அவருடைய பதிவின் கீழே வாதம் இன்னும் சூடாகவே இருந்தது. நடனக் குழுவில் ஆடும் மருத்துவமனைத் தாதி ஹஸீனா அங்கே எழுதியிருந்தார்: "மேடையில் இடம் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அனுப்ரியாவை மேடையிலிருந்து நீக்கிவிட்டோம் என்று வந்து சொன்னது நீங்கள்தானே?"

சுஜீந்திரன் என்ன எழுதுவது என்று யோசிப்பதற்குள் அவரைப் பாராட்டியவர்களே பதில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். "அவர் கட்டாயம் எதிர்த்திருப்பார்." "தனி மனிதர் என்ன செய்ய முடியும்?" அவற்றுக்கும் கீழே, அனுப்ரியாவின் பெயரில் ஒரு பதிவு.

"ஹஸீனா அக்கா, சாரைத் திட்டாதீங்க. அவர் எனக்காக ரொம்பப் பேசியிருக்கார். கமிட்டிதான் கேக்கல. நமக்காகப் பேசுறவங்க ரொம்பக் கம்மி. அவங்களையும் நாம நோகடிக்கக் கூடாது."

சுஜீந்திரன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். யாரை அவர் வெளியே அனுப்பினாரோ அவரே வந்து நின்று, ஊர் பார்க்க அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன பொய்யை நம்பி. யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பக்கத்து மேசைக்காரர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது போல உடம்பு கூசியது. சும்மா இருந்தால் போதும், துணிச்சல்காரர் என்ற பட்டம் அப்படியே இருக்கும். அந்த நினைப்பு வந்ததுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவி வந்தார். அழகான வாக்கியம் எதுவும் வரவில்லை.

"அனுப்ரியா சொல்வது உண்மையில்லை. அவரிடம் நான் பொய் சொன்னேன். கூட்டத்தில் நான் அவருக்காகப் பேசவில்லை. ஒருவர் கேலி செய்தார், பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஹஸீனா கேட்டது சரி."

பாராட்டியவர்களில் பாதிப் பேர் அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். சிங்கம் என்று எழுதியவர் பெரிதாகச் சிரிப்புக் குறி போட்டார். சுஜீந்திரன் எதையும் அழிக்கவில்லை.

அன்று மாலையே தில்லையம்பலத்துக்குப் போன் செய்து அவசரக் கூட்டம் கேட்டார். அதே அறை, அதே எட்டுப் பேர். சுஜீந்திரன் எழுந்து நின்றார்.

"போன வெள்ளிக்கிழமை நான் சொல்ல வந்ததைச் சொல்லாம விட்டுட்டேன். அனுப்ரியாவை எடுத்தது தப்பு. அவங்க ஒரு தப்பும் பண்ணல. அவங்களோட உடுப்பு மாத்துற பொம்பளைங்க யாரும் கம்ப்ளைன் பண்ணல. நாமதான் அந்த மூணு ஃபேமிலிக்குப் பயந்துட்டோம். அவங்க பேரைத் திரும்பப் போடணும். இல்லன்னா எனக்கு இந்தப் பதவி வேண்டாம்."

"என்னண்ணே, மறுபடியுமா?" பிரேம் இழுத்தான். "அப்படின்னா நெசமாவே..."

"சிரிச்சுக்கோ பிரேம். அன்னைக்கு உன் சிரிப்புக்குத்தான் பயந்தேன்."

பிரேம் மேசையைப் பார்த்தான். தில்லையம்பலம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், மூலையில் உட்கார்ந்திருந்த சிவகாமசுந்தரி பேசினார். அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியை. கூட்டங்களில் அதிகம் பேசாதவர்.

"எனக்கும் அன்னைக்கே சரியா படல. நீங்கதான் இதைப் பத்தி நெறய எழுதுவீங்களே, நீங்க எதிர்த்துப் பேசுவீங்க, நானும் கூடச் சேர்ந்துக்கலாம்னு காத்திருந்தேன். நீங்க கறிபாப் எடுத்துட்டீங்க. நானும் சும்மா இருந்துட்டேன்."

சுஜீந்திரன் தலை குனிந்தது. தம்முடைய மௌனம் தம்மோடு நிற்கவில்லை, இன்னொருவர் வாயையும் அடைத்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கை தூக்கச் சொன்னார்கள். ஐந்து பேர் தூக்கினார்கள். "சரி, பெரும்பான்மை முடிவு. புகார் சொன்னவங்ககிட்ட நானே பேசிக்கிறேன்" என்றார் தில்லையம்பலம், மனமில்லாமல்தான். அந்தக் குடும்பங்களில் இரண்டு நிகழ்ச்சிக்கு வரவில்லை. அதனால் நிகழ்ச்சி நின்றுவிடவில்லை.

சுஜீந்திரன் மறுபடி டன்லப் தெருவுக்குப் போனார். இந்த முறை அனுப்ரியா எழுந்து வரவில்லை. தையல் இயந்திரத்தை மட்டும் நிறுத்தினார்.

"ஃபேஸ்புக்ல உண்மையை எழுதினது போதாதுன்னு தெரியும். நேர்ல மன்னிப்பு கேக்கணும்னு வந்தேன். உங்களை நேருக்கு நேர் பார்த்துப் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்கம்மா. உங்க பேரைத் திரும்பப் போட்டாச்சு. நீங்க வரணும்."

"வருவேன். அந்தப் பொம்பளைங்க அவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டிருக்காங்க, அவங்களுக்காக." அனுப்ரியாவின் குரலில் கோபம் இல்லை, பழைய மலர்ச்சியும் இல்லை. "உங்களை மன்னிக்கிறதுக்கு எனக்குக் கொஞ்ச நாள் ஆகும் சார். கமிட்டி என்னை நீக்கினது பழகிப்போன விஷயம். நீங்க பொய் சொன்னதுதான் வலிக்குது."

சுஜீந்திரன் தலையாட்டிவிட்டுப் படியை நோக்கித் திரும்பினார். அனுப்ரியா கூப்பிட்டார்.

"எழுதுறதை நிறுத்திடாதீங்க. எங்களை மாதிரி சின்னப் பிள்ளைங்க எங்கேயோ தனியா உக்காந்து அதைப் படிக்கும். ஆனா ஒண்ணு சார். ஃபேஸ்புக்ல யாரும் எங்களை வெளிய தள்ள முடியாது. தள்ளுறது வீட்டுல, வேலையில, அந்தக் கமிட்டி ரூம் மாதிரி சின்ன சின்ன ரூம்ல, உங்களுக்குத் தெரிஞ்ச நாலு பேர் சிரிக்கிற இடத்துல. அங்க ஒருத்தர் வாய் திறந்தா போதும், நாங்க உள்ளேயே இருப்போம்."

அவர் துணியை இழுத்து ஊசிக்கடியில் வைத்தார். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.