மச்சானின் ரகசிய ஸ்விட்ச்

மனிதகுலம் சற்று எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு: இன்று காலை எட்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு, எந்தத் திருடனாலும் ஓட்டிக்கொண்டு போக முடியாத கார், மேம்பாலத்தின் நட்ட நடுவில், சொந்தக்காரராலும் ஓட்ட முடியாத காராகப் பதவி உயர்வு பெற்றது.

கார் என் மச்சானுடையது. மனைவியின் அண்ணன். குடியிருப்போர் சங்கத்தில் பாதுகாப்புக் குழுத் தலைவர். குழுவில் வேறு உறுப்பினர் கிடையாது. கார் வாங்கிய நாளிலிருந்து, ஊரிலுள்ள திருடர்கள் எல்லாம் பிழைப்பை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பதாக அவருக்கு ஒரு நம்பிக்கை. போன வாரம் டேஷ்போர்டுக்கு அடியில் எங்கோ ஒரு ரகசிய ஸ்விட்ச் வைத்தார். அதை அணைத்துவிட்டால் சாவியைத் திருகினாலும் வண்டி அசையாது. இந்த ரகசியத்தை வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். இடத்தை மட்டும் சொல்லவில்லை.

பின் இருக்கையில் என் மனைவி. நாற்பத்தாறு வயதில் சட்டம் படிக்கிறாள். இன்று கடைசித் தாள், கடைசி வாய்ப்பு. தவறினால் மூன்று வருஷப் படிப்பும் தண்ணீரில் போட்ட மாதிரிதான். ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பஸ்ஸில் போகிறேன் என்றவளை, நான் இருக்கும்போது என் தங்கச்சி பஸ்ஸில் போவதா என்று மல்லுக்கட்டி ஏற்றியவர் மச்சான். முன் இருக்கையில், என் நீளக் கால்களை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் நெளிந்துகொண்டிருந்தேன் நான்.

வண்டி நின்றதும் பின்னாலிருந்து ஹாரன் கச்சேரி. போனில் டாக்ஸி தேடினால் இருபத்தைந்து நிமிடம் என்றது. அப்போதுதான் பெயிண்ட் அடிக்கிறவர்கள் இரண்டு பேர் பைக்கிலிருந்து இறங்கி வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. காரை ஓரமாகத் தள்ளினார்கள். தண்ணீர் கேன் வேனை ஓட்டி வந்தவர் நிறுத்திவிட்டு வந்து பானட்டைத் திறந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். பேட்டரி நல்லா இருக்கு, கரண்டுதான் எங்கேயோ நிற்குது என்றார்.

“சார், திருட்டுப் போகாம இருக்க ஸ்விட்ச் கிவிட்ச் ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“இல்லையே,” என்றார் மச்சான். கண் இமைக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் காலை மிதித்தார். அந்த மனுஷன் மறுபடி பானட்டுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு ஒயராகத் தடவத் தொடங்கினார். எனக்கு ரத்தம் கொதித்தது. பெண்ணெடுத்த வீடு, கொதித்தபடியே நின்றேன்.

மணி ஒன்பது ஏழு. மனைவி கதவைத் திறந்து இறங்கினாள்.

“அண்ணா, ஸ்விட்ச் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு.”

“இத்தனை பேர் முன்னாலயா?” என்று கிசுகிசுத்தார்.

அதுவே வாக்குமூலம். வேன்காரர் நிமிர்ந்து பார்த்தார். மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லோரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். வியர்வை வடிய அவர் காரைத் தள்ளிய மனிதர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி திரும்பி நின்றார்கள். ஒரு பெயிண்டர் கண்ணையும் மூடிக்கொண்டார். அப்போதும் மச்சான் குனியவில்லை. வேனின் கண்ணாடியில் தெரியுமாம். அதை மடக்க வேண்டுமாம்.

வேன்காரர் கண்ணாடியைத் தொடவில்லை. வேனின் கதவைத் திறந்தார்.

“ஏறுங்கக்கா. பேனா எடுத்துக்கிட்டீங்களா?”

அவள் ஏறினாள். கேன்கள் கடகடக்க வேன் போயிற்று. பெயிண்டர்கள் எங்களைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் பைக்கை உதைத்தார்கள். கடைசித் தலையும் மறைந்த பிறகு மச்சான் குனிந்தார். டக்கென்று ஒரு சத்தம். வண்டி புறப்பட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பது. கேட் காவலர் சொன்னார்: பூட்டப் போகிற நேரத்தில் ஒரு வேன்காரர் தண்ணீர் கேன் ஒன்றைக் கேட்டுக்கு நடுவில் வைத்துவிட்டு, அந்த அம்மா உள்ளே ஓடும்வரை நகர்த்த மாட்டேன் என்று நின்றாராம்.

தேர்வு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் மரத்தடியில், காருக்குள், மச்சானைப் பிழிந்து காயப்போட்டேன். பதவி, குழு, திருடர் பயம், நன்றி கெட்டதனம், எதையும் விடவில்லை. உதவிக்கு வந்தவர்களைத் திருடர்களாகப் பார்த்த கண்ணைப் பற்றித் தனியாக அரை மணி நேரம் பேசினேன். ஓடிக்கொண்டிருந்த வண்டியில் அந்த ஸ்விட்சை எந்த மடையன் அணைத்தான் என்று கேட்டு முடித்தேன்.

மச்சான் குனிந்து, ஸ்விட்சைக் காட்டினார்.

அது என் முழங்காலை ஒட்டி இருந்தது.