சந்தேகம் தூங்கிய மத்தியானம்

ஆபீஸில் அவனுக்குச் சந்தேகம் என்று பெயர். யார் வைத்ததோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு கட்டடமாகப் போய், தீ அலாரம் அடிக்கிறதா, மின்சாரம் போனால் வாசல் பூட்டு தானாகத் திறக்கிறதா, மாடிப்படியில் அவசர விளக்குகள் எரிகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுக்கிற வேலை அவனுக்கு. மற்றவர்கள் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவன் அழுத்துவான், நாலடி போவான், திரும்பி வந்து மறுபடியும் அழுத்துவான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். "என்னப்பா, சந்தேகம் வந்தாச்சா?" என்று மேனேஜர் கேட்டால் ஆபீஸே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். உள்ளுக்குள் அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்பேர்ப்பட்டவன்தான் ஒரு மத்தியானம் தூங்கிப்போனான்.

அவசர விளக்கு என்பது உள்ளே பேட்டரி வைத்த சின்னப் பெட்டி. மின்சாரம் போன நொடியில் தானாக எரிய வேண்டும். எரிந்தால் மட்டும் போதாது, மூன்று மணி நேரம் அணையாமல் நிற்க வேண்டும். பட்டனை அழுத்திப் பார்க்கும் சோதனை ஒரு கண்துடைப்பு. சாகக் கிடக்கிற பேட்டரிகூட அந்த ஒரு நிமிஷத்துக்குக் கண்ணைத் திறந்து பார்த்துவிடும். அதனால் ஆண்டுச் சோதனை என்றால் மாடிப்படி மின்சாரத்தையே நிறுத்திவிட்டு, மூன்று மணி நேரமும் மேலும் கீழும் ஏறி இறங்கி, எந்த விளக்கு எப்போது கண்ணை மூடுகிறது என்று பார்க்க வேண்டும். முழங்கால் கழன்றுபோகும் வேலை அது.

அவனுடைய அக்கா குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடமும் அவன் பார்க்கிற கட்டடங்களில் ஒன்று. அக்கா வீடு மூன்றாவது மாடியில். அந்த மாடிப்படிக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. சோதனை நாளன்று காவல்காரர் கீழே மாடிப்படி மெயினை அணைத்தார். எல்லாத் தளத்திலும் அவசர விளக்குகள் எரிந்தன. ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். பாதி நேரம் ஓடியபோது அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"மூஞ்சியப் பாரு, வேர்த்து வடியுது. ரெண்டு வாய் சாப்பிட்டுப் போடா. விளக்கு எங்கயும் ஓடிப் போயிடாது."

வறுத்த மீன் வாசனை அக்காவுக்குப் பின்னாலேயே வந்தது. சாப்பிட்டான். முந்தின நாள் சரியான தூக்கமில்லை. சோபாவில் சாய்ந்தவனுக்கு மேலே மின்விசிறி ஓடியது. ஐந்து நிமிஷம் என்றுதான் கண்ணை மூடினான்.

போன் அடித்து எழுப்பியது. காவல்காரர்.

"தம்பி, நேரம் ஆயிடுச்சு. மெயினப் போட்டுடவா? மேல இருக்கறவங்க கத்தறாங்க."

"போடுங்கண்ணே" என்றான், எங்கே படுத்திருக்கிறோம் என்று நினைவு வருவதற்கு முன்பே. வாய் முந்திக்கொண்டது. பதறியடித்துக் கதவைத் திறந்தபோது மாடிப்படி முழுக்க வெளிச்சம். மின்சாரம் வந்துவிட்டது. எந்த விளக்கு கடைசி வரை நின்றது, எது பாதியில் செத்தது என்று இனி தெரிந்துகொள்ள வழியில்லை. மறுபடி சார்ஜ் ஏறவிட்டு, இன்னொரு நாள் வந்து, முதலிலிருந்து செய்ய வேண்டும். கடைசியாகப் பார்த்தபோது எல்லாம் எரிந்ததே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பட்டனை அழுத்திப் பார்த்தான், எரிந்தது. எதையும் இரண்டு தடவை அழுத்துகிறவன் அன்று ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியிலும் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு இறங்கினான். சந்தேகம் வராமல் இல்லை. வந்தது, அதை அவன் உள்ளே விடவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்தப் பகுதி முழுவதும் மின்சாரம் போனது. லிஃப்ட் நின்றுவிட்டது. பஸ் டிரைவரான அக்கா வீட்டுக்காரர் இரவு வண்டிக்குப் போக வேண்டும். மின்சாரம் வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தார், வரவில்லை. படியில் இறங்கப் போனவரை அக்கா டார்ச் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "என் மாப்ள செக் பண்ண விளக்கு, அதுக்கு மேல டார்ச் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். இரண்டாவது மாடி விளக்கு அப்போது எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் பாதிப் படியில் இருக்கும்போது அது அணைந்தது. விழுந்த சத்தம் கேட்டுக் காவல்காரர் ஓடிவந்து தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். வலது கால் முறிந்திருந்தது, பிரேக்கை மிதிக்கிற கால்.

போனில் அக்கா சொன்னதும் பழம் வாங்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மனசுல எதுவும் வச்சுக்காத மாப்ள. நீ பார்த்தா சரியாத்தான் பார்த்திருப்ப. யாரோ கை வச்சிருக்காங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கொண்டுபோன பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிக் கிளம்பினான்.

அந்த யாரோ யாரென்று குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரம்மா கண்டுபிடித்துவிட்டார். பேசினால் நாலு மாடிக்குக் கேட்கும் குரல் அவருக்கு. படிக்குக் கீழே இருந்த காவல்காரரின் அறையில் ஒரு எலக்ட்ரிக் கெட்டில் இருந்தது. அதை மாடிப்படி லைனில் சொருகிச் சொருகித்தான் பேட்டரி செத்துப்போனது என்று முடிவுகட்டி, காவல்காரரை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அறை போனால் வேலையும் போன மாதிரிதான். சங்கக் கூட்டத்துக்கு முன்னால் நிபுணர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று இவனை வரச்சொன்னார்.

கெட்டிலுக்கும் அந்தப் பேட்டரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது இவனுக்கு நன்றாகத் தெரியும். சார்ஜ் ஏற்றிய புது பேட்டரி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனான். வாசலிலேயே காவல்காரர் நின்றிருந்தார். ஒரு பழைய சூட்கேஸ் சுவரோரம் இருந்தது. கெட்டிலை வயரைச் சுற்றி அதன் மேலேயே வைத்திருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். நான் டீ போட்டதாலயா விளக்கு அணைஞ்சுது? மறைக்காம சொல்லுங்க."

"அதெல்லாம் இல்லண்ணே."

"எனக்காகச் சொல்லாதீங்க. அவரத் தூக்கும்போது அந்தக் கால் தொங்கிச்சு தம்பி. படுத்தா அதுதான் கண்ணுக்குள்ள நிக்குது. ஒரு டீக்காக ஒரு மனுஷன் காலை ஒடச்சுட்டேனேன்னு இருக்கு."

தன் தலையில் இருக்க வேண்டிய பாரத்தை வேறொருவர் சுமந்துகொண்டு, அது தன்னுடையதுதானா என்று தன்னிடமே வந்து கேட்கிறார். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு படியேறினான்.

மாமா உள்ளறையில் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று தணிந்த குரலில் சொன்னான்.

"அக்கா, அன்னைக்கு நான் தூங்கிட்டேன். விளக்க முழுசாப் பார்க்கல."

அக்கா குழாயை மூடவில்லை.

"தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போகக் கதவைத் திறந்தேன். கீழ ரெண்டாவது மாடி இருட்டாக் கெடந்துது. டெஸ்டுன்னா அணைச்சு அணைச்சுப் பார்ப்பாங்க போலன்னு நெனச்சேன். உன்னக் கேக்கலாம்னுதான் வந்தேன். நீ வாயத் தொறந்துக்கிட்டு சின்னப் புள்ளையாட்டம் தூங்கற. எழுப்ப மனசு வரல." கை பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "அவர் விழுந்த அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. இன்னை வரைக்கும் அவர்கிட்ட வாயத் தொறக்கல."

அவள் துலக்கிய பாத்திரத்தை அவன் வாங்கிக் கவிழ்த்து வைத்தான்.

"நீயும் தொறக்காத. கீழ போய் பேட்டரி கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லு. பொய் இல்லையே. உன் வேலை போச்சுன்னா என்ன பண்ணுவ?"

"காவல்காரர் பெட்டிய கட்டி வச்சிருக்காருக்கா."

அக்கா அப்போதுதான் குழாயை மூடினாள். அந்தக் கட்டடத்தில் அவள் கணவரைத் தோளில் தூக்கிப்போனது அந்த ஒரு மனிதர்தான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவனோடு கீழே இறங்கினாள்.

வரவேற்பறையில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளரம்மா அவனைக் கண்டதும், "வாங்க, சொல்லுங்க. பேட்டரிய கெடுத்தது எது?" என்றார்.

"கெடுத்தது யாரும் இல்லம்மா. நான் சோதிச்ச அன்னைக்கே அது பாதியில அணைஞ்சிருக்கு. நான் அத பார்க்கல. மேல அக்கா வீட்டுல சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டேன். பார்க்காமலே பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன்."

நாலு மாடிக்குக் கேட்கும் குரல் ஒரு மாடிக்குக்கூட எழும்பவில்லை. "உங்க மேனேஜர் நம்பரக் குடுங்க" என்று மட்டும் கேட்டார். கொடுத்தான். இனி ஆபீஸில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று தோன்றியது. காவல்காரர் சுவரில் சாய்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போனார்.

போனில் பேசிவிட்டு வந்த செயலாளரம்மா, "நாளைக்கு வேற ஆள் வந்து எல்லாத்தையும் பார்ப்பாராம். அதுவரைக்கும் இருட்டுல யாரும் விழ வேண்டாம். பேட்டரிய மாத்துங்க, இங்கயே இருந்து பாருங்க" என்றார். பிறகு காவல்காரர் அறைப் பக்கம் திரும்பி, "நீங்களும் கூட உக்காருங்க. இவர் தூங்காம பாத்துக்கணும்" என்றார்.

புது பேட்டரியை மாட்டினான். மெயின் அணைந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில், மாமா விழுந்த படிக்கு எதிரே, விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்தான். மெயினை அணைப்பதற்கு முன்பே தன் கெட்டிலில் போட்டு வைத்திருந்த டீயைக் காவல்காரர் எடுத்துவந்து ஒரு டம்ளரை அவன் பக்கத்தில் வைத்தார். எடுத்து ஒரு வாய் குடித்தான். அக்கா மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போயிருந்தாள். மூன்றாவது மாடியில் கதவு திறந்தே கிடந்தது. பிறகு மாமாவின் குரல் மட்டும் வந்தது.

"மாப்ள, எரியுதா?"

"எரியுது மாமா."

மீதி டீ ஆறிப்போனது. காவல்காரர் ஒரு முறை கொட்டாவி விட்டார். இவன் கண்ணைக்கூடக் கசக்கவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்தே நம்பிப் படியிறங்கிய மனிதர், சிறிது நேரத்தில் மறுபடியும் கேட்டார்.

"இப்போ?"

"எரியுது மாமா."

அடுத்த முறை மாமா அவனிடம் கேட்கவில்லை.

"காவல்காரரே," என்றார், "நீங்க பார்த்துச் சொல்லுங்க. எரியுதா?"