கிரில்லுக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவில்

...எந்த இடது, அவர் உட்கார்ந்திருக்கிற இடதா, வண்டியின் இடதா, அதைச் சொல்லித் தொலைக்காமல் "இடது பக்க ஸ்க்ரூ, இடது பக்க ஸ்க்ரூ" என்று நாற்காலியிலிருந்தே உத்தரவு போட்டால் நான் என்ன செய்வேன், இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் தெரிகிறது, நான் திருகுவது கிரில்லின் ஸ்க்ரூவே இல்லை, ஹெட்லைட்டை ஏற்றி இறக்குகிற ஸ்க்ரூ, இனிமேல் இந்தப் பழைய வண்டி ரோட்டை விட்டுவிட்டு மாடி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே போகும்... எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. ரேடியேட்டர் ஒழுகுகிறது, அதை எடுக்க முன்பக்கக் கிரில்லை முதலில் கழற்ற வேண்டும், ஐயாவுக்கோ முதுகுப் பிடிப்பு, குனிய முடியாது, அதனால்தான் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகத் திருப்புளி என் கைக்கு வந்திருக்கிறது. "பெயிண்ட் பத்திரம்டி, பெயிண்ட் பத்திரம்." பத்திரமாம்! இதே பெயிண்ட்டைப் பார்த்து என்ன சொன்னார் என்பது எனக்கு மறந்தா போயிற்று?

நாத்தனார் அடித்த பெயிண்ட் இது. வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் அவள் தொழில், அண்ணன் பிறந்தநாளுக்குத் தன் பரிசு என்று நாற்பது நாள் எங்கள் ஷெட்டிலேயே கிடந்தாள், தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகையே போயிற்று, கடைசி நாள் துணியை விலக்கினாள், பிஸ்தா பச்சை, அடடா, கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி... இந்த மனுஷன் வாயைத் திறந்து, "என்ன இது, ஐஸ்கிரீம் வண்டி மாதிரி?" என்றார். சும்மா கிண்டல்தான், அண்ணன் தங்கைக்குள் எப்போதும் ஓடுகிற கிண்டல்தான், ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள், பதினோரு மாசம் ஆகிறது, ஒரு போன் இல்லை. இவரும் விறைத்துக்கொண்டு "அவளே பேசட்டும்" என்கிறார். நான் மட்டும் என்ன யோக்கியம், அன்றைக்கு நானும்தானே சிரித்தேன், அதுவும் சத்தமாக.

சரி, வேலையைப் பார்... பானெட் விளிம்பு முழுக்கக் காகித டேப் ஒட்டியாயிற்று, பம்பர் மேல் பழைய துண்டு, எல்லா ஸ்க்ரூவையும் முதலில் பாதி தளர்த்திக்கொள்ள வேண்டும், மேல் வரிசையைக் கடைசியாகக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிரில் தொப்பென்று விழுந்து கீறிவிடும். பழைய வண்டி, ஸ்க்ரூ துருப்பிடித்து மல்லுக்கட்டும் என்று நினைத்தேன், எங்கே, ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு வருகிறது, ஒவ்வொன்றிலும் கிரீஸ் தடவியிருக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் அடியில் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஒரு ரப்பர் வைத்திருக்கிறாள், இரும்பு பெயிண்ட்டில் அழுந்தக் கூடாதாம். என்றைக்கோ ஒருநாள் யாரோ இதைக் கழற்றப் போகிறார்கள், அவர்கள் கை வலிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாளே, அந்தக் கை என் கையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமா... நீ நல்லா இருக்கணும் தாயே, நூறு வயசு இருக்கணும். மேல் வரிசையும் வந்துவிட்டது, கடைசி ஸ்க்ரூவும் கையில், கிரில்லை அப்படியே முன்னால் இழுத்தேன், ஐயோ, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது, கீழே மாட்டிக்கொண்டு மேலே சாய்ந்து, ஒரு மூலை நேராகப் பச்சையைப் பார்த்து வருகிறது, என் இரண்டு கையும் மறுபக்கத்தில்... நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. முதுகாவது பிடிப்பாவது, ஒரே எட்டில் வந்து கிரில்லுக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவில் உள்ளங்கையைக் கொடுத்துவிட்டார்.

"பட்டுச்சா? பெயிண்ட்ல பட்டுச்சா?"

"உங்க கையில ரத்தம் வருதுங்க."

"கையை விடு, பெயிண்ட்டைப் பாரு!"

படவில்லை. ஒளிந்திருந்ததையும் எடுத்து, கிரில்லைத் துண்டு மேல் படுக்க வைத்தோம். உள்ளே, யார் கண்ணுக்கும் படாத இடத்திலும் அதே பச்சை, அதே வழவழப்பு. காயம்படாத கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே நின்றார், "இங்கயும் அடிச்சிருக்கா பாரு, கிறுக்கி" என்றார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு இன்றைக்காவது சந்தோஷப்படலாம் போலிருந்தது. அப்புறம் என்னைப் பார்க்காமல், "அந்த ரப்பர்ல எதாவது கிழிஞ்சிருக்கா? கிழிஞ்சிருந்தா அவகிட்டதான் கேக்கணும், வேற எங்கயும் கிடைக்காது" என்றார். சைக்கிள் டியூப் துண்டு, வேறு எங்கேயும் கிடைக்காதாம். என் கைக்குள் அத்தனையும் புதுசாக, ஒரு பிசிறுகூட இல்லாமல்... "ஆமாங்க, ஒண்ணு கிழிஞ்சிருக்கு" என்று விரல்களை மூடிக்கொண்டேன். ஒன்றுக்கு இரண்டு தடவை எதையும் வாங்கிப் பார்க்காமல் நம்பாதவர், எதைச் சொன்னாலும் "எங்க, காட்டு" என்பவர், காட்டு என்று கேட்கவே இல்லை, போனைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.